சத்தம் வேறு, சொல் வேறு: ஒரு சிறிய விரியலாக்கி சொல்லித் தந்த பாடம்

அக்குறணையிலுள்ள எங்கள் வீட்டின் முன்னறை ஜன்னலோரத்தில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி இருக்கிறது. அது உம்மும்மாவுடையது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையைக் கேட்காமல் அவருடைய நாள் தொடங்கியதுமில்லை, முடிந்ததுமில்லை. கிராஅத், பயான், மார்க்க விளக்கம், நோன்பு காலத்தில் மஃரிப் அதான் என்று கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு அந்தப் பழக்கம். பெட்டி மூன்று நான்கு முறை மாறியது. பழக்கம் மாறவில்லை.

கடந்த இரண்டு வருடங்களாக அந்தப் பெட்டியின் சத்தம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனது. அடுத்த அறையில் படிக்கும் நானா கதவைச் சாத்துவார். பக்கத்து வீட்டு மாமி, தான் வானொலி வாங்கத் தேவையில்லை என்று சொல்லிச் சிரிப்பார். உம்மும்மா அதற்கும் சேர்ந்து சிரிப்பார். பிறகு ஒருநாள் அவர் வானொலியைப் போடவே இல்லை. மறுநாளும் போடவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் உம்மும்மா, ரேடியோ கேக்கல்லியா?" என்று காதருகே போய்க் கேட்டேன்.

"சத்தம் ஈக்கி மகள். சொல்லுத்தான் இல்ல" என்றார்.

அந்த வார்த்தையின் முழுப் பொருளும் அன்று எனக்கு விளங்கவில்லை. சத்தம் போதவில்லை என்றுதான் எண்ணினேன். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கிறேன். இலத்திரனியல் அலகில் செயற்பாட்டு விரியலாக்கியைப் படித்துக்கொண்டிருந்த நேரம். சத்தத்தைப் பெருக்கும் கருவியைக் கையாலேயே செய்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. நோன்புக்கு இன்னும் 6 வாரங்கள் இருந்தன. அந்த 6 வாரங்களில் நான் செய்ததையும், பிழையாகச் செய்ததையும், அவற்றிலிருந்து விளங்கிக்கொண்டதையும் தோழிகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

விரியலாக்கி என்ன செய்கிறது?

அம்ப்ளிபயர் என்று எல்லோரும் சொல்வதைத்தான் எங்கள் பாடநூல் விரியலாக்கி என்கிறது. சிறிய மின் சைகையைப் பெரிதாக்கித் தருவது என்று மனனம் செய்திருக்கிறோம். ஆனால் பெரிதாவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? சைகையிலிருந்து வருவதில்லை. பற்றரியிலிருந்து வருகிறது.

மலைநாட்டு வீடுகளில் மேட்டில் தண்ணீர்த் தாங்கி இருக்கும். கீழே முற்றத்தில் குழாய் இருக்கும். குழாயின் திருகியை இரண்டு விரலால் அசைத்தால் போதும், தண்ணீர் பாய்ந்து வரும். பாய்கின்ற வேகம் விரலின் பலமல்ல; தாங்கியின் உயரம். எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பதை மட்டுமே விரல் தீர்மானிக்கிறது. விரியலாக்கியிலும் அப்படித்தான். வானொலியிலிருந்து வரும் மெல்லிய சைகை விரல். பற்றரி தண்ணீர்த் தாங்கி. ஒலிபெருக்கியில் ஓடும் ஓட்டம் பாயும் தண்ணீர். விரல் நடுங்கினால் தண்ணீரும் நடுங்கும். தாங்கியில் தண்ணீர் குறைந்தால் விரல் எவ்வளவு திருகினாலும் பயனில்லை. இந்த இரண்டையும் பின்னர் என் மேசையிலேயே கண்டேன்.

இந்த வேலையைச் செய்யும் முதற் கருவியை 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ட் செய்தார். அது கண்ணாடிக் குமிழுக்குள் இழை எரியும் வால்வு. 1947இல் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்டர் பிறந்தது. 1958இல் ஜாக் கில்பி பல உறுப்புகளை ஒரே குறைகடத்தித் துண்டில் அமைத்துக் காட்டினார். அதற்காக 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துண்டின் வாரிசைத்தான் இன்று சிப் என்கிறோம்.

எங்கள் நாட்டு வானொலியின் தொடக்கமும் கையால் செய்து பார்த்ததில்தான் இருக்கிறது. 1920களில் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்பரும் அவருடன் வேலை செய்தவர்களும், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியை அமைத்தார்கள். தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பார்த்தார்கள். முறைப்படியான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஆரம்பமானது. உம்மும்மாவின் முஸ்லிம் சேவைக்கும் வேர் அந்தச் சிறிய அறைதான். இருக்கின்ற பாகங்களைச் சேர்த்து ஒன்றைப் பேச வைக்கலாம் என்ற தைரியம் எனக்கு இதைப் படித்தபோது வந்தது.

கையில் வந்த பொதி

ஒரு சனிக்கிழமை வாப்பாவுடன் கண்டி நகருக்குச் சென்று, வானொலி உதிரிப்பாகக் கடையொன்றில் கிட் ஒன்று வாங்கினேன். ஒரு விரியலாக்கிக்குத் தேவையான சிப், தடையிகள், கொள்ளளவிகள், அச்சுச் சுற்றுப் பலகை யாவும் ஒரே பொலித்தீன் பையில் இருக்கும். விலை சில நூறு ரூபாய்தான். கடைக்காரர் வாப்பாவைப் பார்த்து, மகனுக்கா என்று சிங்களத்தில் கேட்டார். வாப்பா என்னைக் காட்டினார். கடைக்காரர் உடனே பேச்சை என் பக்கம் திருப்பி, சிப்பை நேராகப் பற்றவைக்க வேண்டாம், 8 கால் சொக்கெட் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு அதில் சிப்பைச் செருகு என்று சொல்லித் தந்தார். அந்த அறிவுரை பிறகு இரண்டு முறை என்னைக் காப்பாற்றியது.

நான் வாங்கியது எல்.எம்.386 என்ற சிப். நிலக்கடலைப் பருப்பளவுதான் இருக்கும். அதன் மேற்பக்கத்தில் ஓர் ஓரத்தில் சிறு வெட்டு இருக்கும். வெட்டு மேலே இருக்குமாறு பிடித்தால் இடப்பக்க மேல் கால் 1. அங்கிருந்து கீழிறங்கி, மறுபக்கம் மேலேறி எண்ண வேண்டும். 2, 3 ஆகிய கால்கள் சைகை உள்ளே போகும் பெய்ப்பு. 4 பற்றரியின் மறை முனை. 6 நேர் முனை. 5 ஒலிபெருக்கிக்குப் போகும் பயப்பு. 7இல் ஒரு கொள்ளளவியைப் போட்டால் வழங்கலிலிருந்து வரும் இரைச்சல் தணியும். 1, 8 இரண்டும் எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை மாற்றுவதற்கு. இந்த மடங்கைத்தான் வகுப்பில் வோல்ற்றளவு நயம் என்று படிக்கிறோம்.

வானொலியின் இயர்போன் துளையிலிருந்து வரும் சைகை முதலில் ஒரு சிறிய கொள்ளளவியைத் தாண்டும். பிறகு 10 கிலோ ஓம் மாறுந் தடையிக்கு வரும். அதுதான் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி. அங்கிருந்து 3ஆம் காலுக்குப் போகும். 2ஆம் காலை மறை முனையுடன் சேர்த்துவிட வேண்டும். 5ஆம் காலிலிருந்து 220 மைக்ரோபரட் கொள்ளளவியொன்றின் வழியாக 8 ஓம் ஒலிபெருக்கிக்குச் சைகை போகும்.

அந்தப் பெரிய கொள்ளளவி எதற்கு என்று நான் முதலில் யோசித்தேன். 9 வோல்ற்று கொடுத்தால், சைகை எதுவும் இல்லாத நேரத்திலும் 5ஆம் கால் ஏறத்தாழ நாலரை வோல்ற்றில் நிற்கும். அப்போதுதான் சைகை மேலும் போகலாம், கீழும் வரலாம். அந்த நாலரை வோல்ற்றை நேரே ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் சுருளில் இடைவிடாமல் ஓட்டம் பாய்ந்து சூடேறும். கொள்ளளவி நேரோட்டத்தை மறித்து, ஆடும் சைகையை மட்டும் விடுகிறது.

முதல் இரவின் இரைச்சல்

உம்மாவுக்கு முதலில் விருப்பமில்லை. "சோதின நேரத்துல இது எந்த வேல?" என்றார். சூட்டுக்கோலும் புகையும் அவருக்குப் பயம். வாப்பா மேசையை ஜன்னலருகே இழுத்துப் போட்டுத் தந்தார். நானா பக்கத்திலிருந்து பார்த்தார், சிரிக்கவும் செய்தார்.

முதல் இரவு ஒலிபெருக்கியில் வந்தது பயானல்ல. ஊ என்ற ரீங்காரம், அதற்கு மேல் ஒரு கூரிய விசில், இரண்டுக்கும் இடையில் கிழிந்த துணிபோல் ஒரு குரல். கொள்ளளவியொன்றைத் தலைமாற்றிப் பற்றவைத்திருந்தேன். அது சுடத் தொடங்கியதும் பற்றரியைக் கழற்றிவிட்டேன். மின்பகுபொருட் கொள்ளளவியின் உடலில் வெளிறிய பட்டையொன்று இருக்கும். அது மறை முனையைக் காட்டுகிறது. அதைப் பார்க்காமல் போனது என் அவசரம்.

மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டேன்.

முதலாவது ரீங்காரம். சிக்கனமாக இருக்கட்டும் என்று பழைய அடப்டர் ஒன்றிலிருந்து 9 வோல்ற்று எடுத்திருந்தேன். எங்கள் வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஆடுகிறது. அதை நேராக்கும்போது 100 ஹேர்ட்ஸ் அலையொன்று மிச்சமாக நிற்கும். அடப்டர் அதை நன்றாக வடிகட்டாவிட்டால் அந்த அலையும் ஒலிபெருக்கிக்கு வரும். தாங்கியிலுள்ள தண்ணீர் ஆடினால் குழாயில் வருவதும் ஆடும் அல்லவா? 1.5 வோல்ற்றுப் பற்றரிகள் 6ஐ வரிசையாகப் போட்டேன். ரீங்காரம் நின்றது.

இரண்டாவது விசில். கிட்டில் 10 ஓம் தடையியும் 0.047 மைக்ரோபரட் கொள்ளளவியும் பயப்பிலிருந்து மறை முனைக்குத் தொடராக வர வேண்டும். இவை இல்லாமலும் சுற்று பூரணமாகத்தானே இருக்கிறது என்று எண்ணி அவற்றை விட்டுவிட்டிருந்தேன். உண்மையில் ஒலிபெருக்கியின் சுருளும் நீண்ட கம்பியும் உயர்ந்த மீடிறன்களில் சிப்பைத் தடுமாற வைக்கும். பயப்பு தானாகவே அலையத் தொடங்கும். அந்த இரண்டு சிறு உறுப்புகளும் அதை அடக்குகின்றன. பற்றவைத்தேன், பெய்ப்புக் கம்பியையும் ஒலிபெருக்கிக் கம்பியையும் தூர விலக்கினேன். விசிலும் நின்றது.

மூன்றாவது, கிழிந்த குரல். அதுதான் எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

கழற்றியபோது தெளிந்தது

எல்.எம்.386இன் 1ஆம், 8ஆம் கால்களுக்கிடையில் ஒன்றும் போடாவிட்டால் அதன் நயம் 20. 10 மைக்ரோபரட் கொள்ளளவியொன்றைப் போட்டால் நயம் 200. என் கிட்டில் அந்தக் கொள்ளளவி இருந்தது. 200 என்றால் நல்லதுதானே என்று நானும் போட்டுவிட்டேன்.

கணக்கைப் பாருங்கள். 9 வோல்ற்று வழங்கலில் 8 ஓம் ஒலிபெருக்கியுடன் இந்தச் சிப்பின் பயப்பு நடுநிலையிலிருந்து மேலும் கீழும் சுமார் மூன்றரை வோல்ற்றுத்தான் ஆடலாம். நயம் 200 என்றால் பெய்ப்பு 17 மில்லிவோல்ற்றைத் தாண்டியதுமே எல்லை வந்துவிடும். வானொலியின் இயர்போன் துளையிலிருந்து அதைவிடப் பல மடங்கு வரும். எல்லையைத் தாண்டும் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. மலையின் சிகரத்தை வெட்டி மைதானம் ஆக்கியதுபோல. வெட்டுப்பட்ட அலையில் மூலக் குரலில் இல்லாத புதிய மீடிறன்கள் பிறக்கும். காதுக்கு அது கரகரப்பு.

அந்த ஒரு கொள்ளளவியைக் கழற்றினேன். நயம் 20க்கு இறங்கியது. இப்போது பெய்ப்பு 175 மில்லிவோல்ற்று வரை இடமிருந்தது. குரல் தெளிந்தது. ஒன்றைச் சேர்த்ததால் அல்ல, கழற்றியதால் தெளிந்தது.

இந்த 20உம் 200உம் எங்கிருந்து வருகின்றன? சிப்பின் உள்ளே பயப்பிலிருந்து பெய்ப்புப் பகுதிக்குத் திரும்பிவரும் 15 கிலோ ஓம் தடையி ஒன்று உண்டு. பெய்ப்புப் பக்கத்தில் 150 ஓம், 1350 ஓம் என இரண்டு தடையிகள் தொடராக உண்டு, கூட்டினால் 1500. 15 கிலோ ஓமின் இரு மடங்கு 30,000. அதை 1500ஆல் வகுத்தால் 20. வெளியே போடும் கொள்ளளவி சைகைக்கு 1350 ஓமைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியைத் திறக்கிறது, மிஞ்சுவது 150. 30,000ஐ 150ஆல் வகுத்தால் 200.

பயப்பின் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, பெய்ப்பிலிருந்து கழித்துப் பார்ப்பதை மறைப் பின்னூட்டல் என்கிறோம். 1927இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரால்ட் பிளாக், வேலைக்குப் போகும் வழியில் படகில் இருந்தபோது இந்த எண்ணம் தோன்ற, கையிலிருந்த பத்திரிகைத் தாளிலேயே அதை வரைந்தாராம். தொலைபேசிக் கம்பிகளின் வழியே பல விரியலாக்கிகளைக் கடந்து போகும் குரல் கெட்டுப் போவதுதான் அவருக்கிருந்த பிரச்சினை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பின்னூட்டல் இல்லாதபோது நயம் 10,000 உள்ள விரியலாக்கி ஒன்றை எடுப்போம். பயப்பில் இருபதில் ஒரு பங்கைத் திருப்பிக் கழித்தால், 10,000ஐ 501ஆல் வகுக்க வேண்டும், கிடைப்பது 19.96. சூட்டினாலோ பழுதினாலோ அந்த 10,000 பாதியாகி 5,000 ஆகிவிட்டதென்று வைப்போம். இப்போது 5,000ஐ 251ஆல் வகுக்க, 19.92. உள்ளே பாதிப் பலம் போயும் வெளியே தெரியும் வித்தியாசம் 0.04 மட்டுந்தான். தன்னிடமுள்ள பெரும் பலத்தை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக நம்பகத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. ஓதும்போது உஸ்தாத் பக்கத்திலிருந்து பிழை திருத்துவது நினைவுக்கு வருகிறது. திருத்தத் திருத்த ஓதல் மெதுவாகும், ஆனால் சரியாகும்.

எத்தனை வாற்று வேண்டும்?

குரல் தெளிந்ததும் பெட்டியை உம்மும்மாவின் அறை மூலையில் வைத்தோம். அவர் தலையை ஆட்டினார். ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. இது சின்னது, டி.டி.ஏ.2030 சிப் வாங்கு, அது 10 வாற்றுக்கு மேல் தரும் என்றார் நானா.

என் சிப்பின் வலு எவ்வளவு? உச்ச வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மூன்றரையின் வர்க்கம் 12.25. அதை 16ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.77 வாற்று. நானா சொன்ன சிப் இதைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆனால் எங்கள் காது வாற்றை அப்படி எண்ணுவதில்லை. வலு 2 மடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபல் கூடும். அந்த வித்தியாசம் ஓரளவு தெரியும். வலு 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு உரத்ததாக மட்டுமே தோன்றும்.

தூரமோ வேறு விதமாக வேலை செய்கிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி மட்டம் 6 டெசிபல் கூடும். 2 மீற்றர் தூரத்திலிருந்து அரை மீற்றருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். அது 16 மடங்கு வலுவுக்குச் சமம். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இருப்பதால் அறைக்குள் இலாபம் சற்றுக் குறையும். ஆனாலும் பெரிய சிப் வாங்குவதைவிட, பெட்டியை அறை மூலையிலிருந்து கட்டிலின் தலைமாட்டுக்கு நகர்த்துவது அதிகப் பலன் தரும். ஒரு சதமும் செலவில்லை. நகர்த்தினோம். நானாவுக்கும் கதவைச் சாத்தத் தேவையில்லாமல் போனது.

ஒலிபெருக்கியையும் வெறுமனே வைக்கக்கூடாது. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது; முன் அலையும் பின் அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதலில் பிஸ்கட் தகரமொன்றில் பொருத்தினேன். தகரமும் சேர்ந்து அதிர்ந்தது. வாப்பா பழைய தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து ஒரு சிறு பெட்டி செய்து தந்தார். அதிர்வு போனது.

மெய்யெழுத்துகள் எங்கே போயின?

இத்தனைக்கும் பிறகு உம்மும்மா சொன்னது: "இப்ப நல்லம். ஆனா சில சொல்லு பிடிபடுது இல்ல."

அப்போதுதான் முதல் நாள் அவர் சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். சத்தம் இருக்கிறது, சொல் இல்லை. வயது போகும்போது காது எல்லா மீடிறன்களையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உயர்ந்த மீடிறன்கள்தாம் முதலில் குறைகின்றன. நாங்கள் பேசும்போது உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழும் அதை அண்டியும் இருக்கும். ஸ போன்ற ஒலிகளின் பலம் 4000 ஹேர்ட்ஸுக்கும் மேலே போகும். க, த, ப போன்றவை கணப்பொழுதில் வெடித்து மறையும் மெல்லிய ஒலிகள். உம்மும்மாவுக்கு உயிரெழுத்துகள் கேட்டன, மெய்யெழுத்துகள் கேட்கவில்லை.

கடை, தடை, படை, சடை என்று சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யை எடுத்துவிட்டால் நான்கும் ஒன்றுதான். அரபு எழுத்துகளில் ஸீன், ஸாத், ஸா மூன்றையும் மக்ரஜ் பிரித்து ஓத எத்தனை மாலைகள் மத்ரஸாவில் பழகியிருக்கிறோம்! அந்த நுண்மையில் பெரும் பங்கு இருப்பது உயர்ந்த மீடிறன்களில். கிராஅத்தை உயிராக நேசித்த ஒருவருக்கு அது கேட்காமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அன்றுதான் உணர்ந்தேன். பெட்டியின் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, கேட்கின்ற உயிரொலிகள்தாம் மேலும் உரத்தன. உரத்த தாழ்ந்த ஒலி மெல்லிய உயர்ந்த ஒலியை மறைத்தும்விடும். அதனால்தான் சத்தம் கூடச் சொல் குறைந்தது.

செய்ய வேண்டியது தாழ்ந்ததைக் குறைப்பது. பெய்ப்பிலுள்ள சிறிய கொள்ளளவியும் 10 கிலோ ஓம் தடையும் சேர்ந்து ஒரு வடிகட்டி. 1ஐ, இரண்டு பையாலும் தடையாலும் கொள்ளளவத்தாலும் வகுத்தால் வரும் மீடிறனுக்குக் கீழே உள்ளவை படிப்படியாகக் குறையும். 0.1 மைக்ரோபரட் என்றால் அது ஏறத்தாழ 160 ஹேர்ட்ஸ். அதை எடுத்துவிட்டு 0.047 மைக்ரோபரட் போட்டேன். ஏறத்தாழ 340 ஹேர்ட்ஸ் ஆனது. பழைய தொலைபேசிக் குரலும் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரைதான் போகும். ஆனாலும் பேச்சு விளங்கும். உயர்ந்த மீடிறன்கள் ஒலிபெருக்கியின் நேர்முன்னே பலமாகவும் பக்கவாட்டில் மெலிந்தும் பரவுவதால், பெட்டியின் முகத்தை உம்மும்மாவின் காதை நோக்கித் திருப்பினேன்.

எங்களுக்குக் குரல் சற்று மெலிந்து, கனமில்லாமல் கேட்டது. நானா, பழுதாக்கிவிட்டாய் என்றார். உம்மும்மா கையை உயர்த்தி அவரைப் பேசாதிருக்கச் சொன்னார். பயானில் மௌலவி சொன்னதை ஒரு சொல் பின்னால் நின்று தானும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

செய்ய விரும்பும் தோழிகளுக்கும் பெற்றோருக்கும்

முதலாவது விரியலாக்கியைப் பற்றரியில் மட்டும் இயக்குங்கள். 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தைத் திறந்த சுற்றில் தொடும் வேலை பழகுநருக்கு உரியதல்ல. டி.டி.ஏ.2030 போன்ற பெரிய சிப்புகளுக்கு வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடும் பலமான வழங்கலும் வேண்டும். அவை இரண்டாம் கட்டம். சூட்டுக்கோலின் முனை 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். ஹிஜாபின் நுனியைப் பின்னால் செருகி, கைநீளத்தை ஊசி குத்திக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பற்றாசில் ஈயம் இருக்கலாம். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள். பற்றரியை இணைப்பதற்கு முன் ஒவ்வொரு காலையும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒலியளவுத் திருகியைக் குறைத்து வைத்தே தொடங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சோதினைக்குப் படிக்கும் நேரம் இதில் வீணாகவில்லை. பின்னூட்டல், வடிகட்டி, வலு, டெசிபல் என்று நான்கு தலைப்புகள் என் கைவிரல்களில் ஏறியிருக்கின்றன. இப்போது உம்மாவே அயலவர்களிடம் பெட்டியைக் காட்டுகிறார்.

இன்னொன்று. இந்தப் பெட்டி மருந்தல்ல. காது எந்த மீடிறனில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து சொல்ல வைத்தியசாலையில்தான் முடியும். செவிப்புலன் கருவி தேவையா என்பதையும் அங்கேதான் முடிவெடுப்பார்கள். வயசு போனா அப்படித்தான் என்று இரண்டு வருடம் வைத்தியரிடம் போக மறுத்த உம்மும்மா, சொல் திரும்பக் கேட்டபிறகு இன்னும் கேட்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். வாப்பா அவரைக் கண்டியில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். காதில் இறுகியிருந்த அழுக்கை எடுத்து, செவிப்புலன் பரிசோதனைக்கும் திகதி கொடுத்தார்கள். நாங்கள் அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அந்தக் குறையை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

நோன்பின் முதல் நாள் மாலை எல்லோரும் கஞ்சிக் கோப்பையும் ஈச்சம்பழமுமாக இருந்தோம். தேயிலைப் பலகைப் பெட்டி உம்மும்மாவின் பக்கத்தில் இருந்தது. மற்ற வருடங்களில் அதான் சொல்லியாயிற்று என்று யாராவது அவர் கையைத் தொட்டுச் சொல்வோம். அன்று நாங்கள் தொடுவதற்கு முன்னே அவர் ஈச்சம்பழத்தைக் கையில் எடுத்திருந்தார்.